விளிம்பில் நான்கு விரல்கள்

கட்டிலின் ஓரச் சட்டத்தில் நான்கு விரல்களின் கரிய தடம் பதிந்திருந்தது. கட்டைவிரலின் தடம் இல்லை.

பெரியவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். கப்பல் எரிஎண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்த அந்தக் கனத்த நாற்றம் மூக்கில் ஏறியது.

“உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாராம்மா?”

“அவரு காலையிலேயே ஒர்க்‌ஷாப் போயாச்சேப்பா.” மகள் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, மறுபடியும் கிரீஸ் கையா! சாயங்காலம் வரட்டும், இருக்கு அவருக்கு.”

ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை மெக்கானிக் என்பதால் வீட்டில் எது கறுப்பாக இருந்தாலும் பழி அவர் தலையில்தான் விழும். பெரியவர் மனதுக்குள் விரல்களைக் கணக்குப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து சட்டத்தைப் பிடிக்கிறவனுக்குக் கட்டைவிரல்தான் மேலே பதியும். நான்கு விரல்கள் மேலே பதிந்திருந்தால், பிடித்தவன் வெளியே, கீழே தொங்கிக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். படகில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு புரியும்.

தெரு அவரை ‘கேப்டன்’ என்று கூப்பிடும். போர்க்காலத்தில் அவர் ஒரு கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர். கேப்டனை நேரில் பார்த்ததே அபூர்வம். ஆனால் தெரு ஒரு பட்டம் கொடுத்தால் திரும்ப வாங்காது. வீட்டுக்குள்ளும் அவரை வைத்து ஒரு கேலி உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் ஓரத்தில் உட்கார மாட்டார், நட்டநடுவில்தான். “கட்டில் கவிழாது மாமா, நான் கியாரண்டி” என்பார் மாப்பிள்ளை. பெரியவரும் கூடவே சிரித்துவைப்பார்.

அவருடைய கப்பல் வெடித்து மூழ்கிய நாளில் மிஞ்சியது ஒரே ஒரு படகு. அதில் இடம் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் எண்ணெய் படர்ந்த தண்ணீரிலிருந்து கறுத்த தலைகளாக வந்து விளிம்பைப் பற்றினார்கள். படகு ஒரு பக்கம் சரிந்தது. படகுத் தலைவன் கைக்கோடாரியை எடுத்து, விளிம்போரம் உட்கார்ந்திருந்த இவர் கையில் திணித்தான். எண்ணெய் வழுக்கியதால் ஒரே வெட்டில் எதுவும் அறவில்லை. எலும்பு மரத்தோடு நசுங்கும் சத்தம் வந்தது. கடைசியாகப் பற்றிய கையின் புறத்தில், கொதிநீர் கொட்டிய பளபளப்பான தழும்பு இருந்தது. கப்பலின் சமையற்காரன். இவருக்கென்று தினமும் ஒரு ரொட்டி எடுத்துவைத்தவன். “தம்பி, நான்தாண்டா” என்றான். இவர் ஓங்கினார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் தடங்கள் வரிசையாக இருந்தன, இன்னும் ஈரமாக. பிடித்தவர்களுக்குக் கட்டிலும் சரிப்படவில்லை, மேசையும் சரிப்படவில்லை. இரண்டும் ஆடாதவை. இந்த வீட்டில் படகுபோல ஆடுவது ஒன்றே ஒன்றுதான்: வளைந்த அடிக்கட்டைகளும் உயர்ந்த பக்கப்பலகைகளும் கொண்ட பேத்தியின் மரத்தொட்டில். மாப்பிள்ளை கிளை வெட்ட வைத்திருந்த கோடாரியைப் பெரியவர் தேடி எடுத்துவந்து தன் மெத்தைக்கடியில் வைத்தார்.

பிற்பகலில் மழை பிடித்தது.

“அப்பா, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க. மாடியில துணி கிடக்கு,” என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள்.

சாத்திய ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. தொட்டில் மெல்ல, யாரும் தொடாமல், ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. பிறகு நிமிரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை துணியோடு ஓரத்துக்கு உருண்டது. தரையில் எண்ணெயின் ஏழு நிறமும் மினுங்கும் ஈரம் பரவியது.

விளிம்பில் விரல்கள்.

நான்கு. பக்கத்தில் நான்கு. அப்புறமும் நான்கு. நகங்களுக்குள் கறுப்பு. கீழே யாரோ தண்ணீரைக் கக்கி இருமினார்கள்.

“விடுங்கடா! குழந்தைடா, விடுங்க!”

விடவில்லை. தொட்டில் இன்னும் சரிந்தது. அவர் மெத்தைக்கடியிலிருந்து கோடாரியை எடுத்தார். இடது கையால் விளிம்பை அழுத்திப் பிடித்தார். ஓங்கினார். வழுக்கியது. மறுபடி. எலும்பு. மறுபடி. மரச்சிராய் தெறித்தது. ரத்தம் சூடாக முகத்தில் அடித்தது. குழந்தை வீறிட்டது. மறுபடி. மறுபடி.

தொட்டில் நிமிர்ந்தது.

மகள் உள்ளே பாய்ந்து வந்து குழந்தையை வாரிக்கொண்டு எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றாள். “அப்பா... ஐயோ, உங்க கை!”

அவர் பார்த்தார். தரையில் கிடந்த விரல்களில் கறுப்பு இல்லை. அவருடைய இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சமிருந்தது. வலி இன்னும் வந்து சேரவில்லை. குழந்தைமீது ஒரு கீறல்கூட இல்லை. அது போதும், இந்த முறை யாரையும் சாகவிடவில்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்பா.” மகளின் குரல் மாறியிருந்தது. “தோள்ல என்னமோ கனக்குதுப்பா.”

அவளுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான். அந்தச் சுவருக்கும் அவளுக்கும் நடுவிலிருந்து நான்கு கரிய விரல்கள் அவள் தோள்மேல் ஏறிப் பதிந்தன. புறங்கையில் தழும்பு பளபளத்தது. மகளின் முழங்கால்கள் மடங்கின. குழந்தையோடு அவள் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கினாள்.

“அசையாதேம்மா,” என்றார் பெரியவர்.

கோடாரி இன்னும் வலது கையில்தான் இருந்தது.