கூண்டில் கிளறிய மண்

"சேர், என் குள்ள ஓணானக் காணோம்! இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடும். இந்தக் குளிர விட்டு வெளிய கொண்டு போனா அதோட உசுரே போயிரும்!"

நுவரெலியாக் காட்டோர ஆய்வுக்கூடத்திலிருந்து காவல் நிலையத்துக்குப் பதறியடித்து வந்திருந்தாள் நிமேஷா. எஸ்.ஐ. அபேகோன் கான்ஸ்டபிள் ஜயந்தியுடன் உடனே கிளம்பினார்.

கூண்டின் கம்பிவலை ஒரு சாண் பிய்ந்திருந்தது. உள்ளே மண் முழுதும் கிளறிக் கிடந்தது. காவலாளி பெரியண்ணன் கைகட்டி நின்றான். அந்த ஓணானுக்குத் தினமும் பூச்சி பிடித்துப் போடுகிறவன் அவன்தான்.

பக்கத்து அறையில் கொம்பு ஓணான் வளர்க்கும் குணபால தானாகவே முன்னால் வந்தார். "கீரி வேலை சேர். மண்ணக் கிளறி முட்டையத் தின்னுட்டு, தாயையும் தூக்கிட்டுப் போயிருச்சு."

"கீரியேதான் சேர்!" என்று குறிப்பேட்டைத் திறந்தாள் ஜயந்தி.

அபேகோன் சிரித்தார். "அவசரப்படாத. மிஸ், உங்க ஓணான் எங்க முட்டை போடும்?"

"முட்டையே போடாது சேர். கிளையில இருந்தபடியே குட்டி போடும்."

ஜயந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘குட்டி போடும்’ என்று நிமேஷா நிலையத்திலேயே சொன்னதைத் தானும் கேட்டிருந்தாள். இந்த மனிதருக்கு மட்டும் எப்படிப் பொறி தட்டுகிறது என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"இல்லாத முட்டைக்குக் கீரி மண்ணக் கிளறாது. கீரி வேலை மாதிரி காட்ட ஒரு மனுஷன்தான் கிளறியிருக்கான்" என்றார் அபேகோன். "பெரியண்ணனுக்கு இது குட்டி போடற சாதின்னு தெரியும். தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான், குணபால. கொம்பு ஓணான் மண்ணுல முட்டை போடுது, இதுவும் அப்படித்தான்னு நெனச்சீங்க. ஒரு தடவையாவது இந்த அறைய எட்டிப் பாத்து விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எப்படிப் பாப்பேன்?" குணபால வெடித்தார். "எட்டு வருஷமா என்கிட்ட ஒரு முட்டைகூடப் பொரிக்கல. இவ நேத்து வந்தவ. ஊரே இவளப் படம் புடிக்குது. வயிறு எரியாதா சேர்?"

"ஓணான் எங்க?"

குணபால தன் அறைக்கு நடந்து, கடைசிக் கூண்டின் மேலிருந்த சாக்கை விலக்கினார். நிமேஷா அழுதேவிட்டாள். பாசி படிந்த குச்சியில் தாய். அதன் பக்கத்தில், வாலைச் சுருட்டிப் பிடித்தபடி நான்கு குட்டிகள்.

குணபாலவும் அவற்றை அப்போதுதான் பார்த்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். அபேகோன் தோளைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

"சேர், இதுங்க என் கூண்டுலதான பொறந்துச்சு? அதையும் எழுதிக்கங்க."