ஐந்து முகக்கவசங்கள்

பெட்டியில் ஐந்து முகக்கவசங்கள் இருந்தன. அணியில் ஆறு பேர்.

கோகிலவாணி மீண்டும் எண்ணினாள். ஐந்துதான். மூடியை அழுத்தி மூடினாள். மைதானத்தின் மறுகோடியில் மற்ற ஐவரும் பழைய டயர்களை அரணாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் சூலூரில் கூடி, ஒருவர் மேல் ஒருவர் வண்ணக்குண்டு சுட்டு விளையாடும் அணி. அவள் அதன் தலைவி.

முன்னறிவி வந்த பிறகு யாரும் எதையும் கேட்டு வாங்குவதில்லை. அடுத்த மாதம் அணிக்கு என்ன தேவைப்படும் என்பதைப் பொருள் வழங்கும் நிறுவனத்தின் அந்த இயந்திரமே கணித்து அனுப்பிவிடும். பெரிய அணிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சின்ன அணிகளுக்கு ஒரே வழி, நிறுவனத்தோடு நல்ல உறவு. அதற்குத் தலைவி வாரம் ஒருமுறை தன் ஆட்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் உறவுப் பதிவில் எழுத வேண்டும். எழுத எழுத முன்னறிவி கூர்மையாகும். நாச்சிமுத்துவின் முழங்கால் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பெரிய அளவு முட்டிக்கவசம் வந்து இறங்கியது.

அது எண்ணிக்கையில் தவறியதே இல்லை. சித்திரையில் பல்லடம் அணிக்கு ஒரு ஜோடி கையுறை குறைவாக வந்தது. எட்டாம் நாள் அவர்களில் ஒருவன் லாரியில் அடிபட்டுச் செத்தான்.

நிறுவனத்தில் அவளுக்குப் பழக்கமான சிந்துஜாவைப் போனில் அழைத்தாள்.

"ஒண்ணு குறையுது, சிந்துஜா."

"குறையாதுங்க்கா. அது அனுப்பினா சரியாத்தான் இருக்கும்."

"யாருக்கு இல்லைன்னு அனுப்பியிருக்கு?"

"காரணம் கேட்டு வாங்க ரெண்டு மூணு நாள் ஆகும்ங்க்கா."

கோகிலவாணி ஐந்து பேரையும் பார்த்தாள். இவர்களில் யார்? நாச்சிமுத்து ஒரு டயரைத் தூக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அவள் ஓடினாள்.

"அண்ணா, இன்னிக்கு நீங்க உக்காருங்க."

"ஏன் அம்மணி, கெழவன்னு ஒதுக்கறயா?"

"போன வாரம் அவங்க முதுகுல நீலம் அடிச்சீங்கல்ல, அந்தக் கோவம்," என்றான் பெனடிக்ட். எல்லாரும் சிரித்தார்கள்.

"இதயத்துல வலை வச்சுட்டு ஓடாதீங்கன்னா கேளுங்க!" என்று கத்திவிட்டாள் கோகிலவாணி.

சிரிப்பு நின்றது. ரத்தக்குழாய் அடைப்புக்கு மருத்துவர் வைத்த அந்த வலையைப் பற்றி நாச்சிமுத்து அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவர் மனைவிக்கே தெரியாது.

நாச்சிமுத்து தன் கவசத்தை எடுக்கத் திரும்பினார். நேராகப் பெட்டியருகே போனார், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அவள் தடுக்கப் பார்த்தாள். அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். திறந்தார். ஒவ்வொரு கவசத்துக்குள்ளும் ஒரு சீட்டு. வழக்கமாக யாரும் படிக்காத சீட்டு.

"இதயக் குழாயில் வலை வைத்திருப்பவர். காற்றுத்துளைகள் பெரிதாக்கப்பட்டுள்ளன." உரக்கப் படித்தார். அடுத்ததை எடுத்தார். "வேலை போனதை வீட்டில் மறைப்பவர். வியர்வை அதிகம். உள்துணி தடிமனானது."

பெனடிக்ட் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தான்.

"கரு கலைந்தபின் திடீரென அழுபவர். கண்ணாடி ஈரத்தை உறிஞ்சும்."

ரஞ்சிதம் தரையில் உட்கார்ந்தாள். மீதி இரண்டையும் நாச்சிமுத்து படிக்கவில்லை.

ஐந்து சீட்டு, ஐந்து பேர். கோகிலவாணி மறுபடி எண்ணினாள். தனக்குச் சீட்டு இல்லை. லாரி. எட்டு நாள்.

"சாகப்போறது நானா?" என்றாள். யாருக்கும் புரியவில்லை.

"அம்மணி, நீ இனிமே வர வேண்டாம்," என்றார் நாச்சிமுத்து, குரலை உயர்த்தாமல்.

ஆளுக்கொரு கவசத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். யாருக்கும் குறையவில்லை.

புதன்கிழமை சிந்துஜா அழைத்தாள்.

"காரணம் வந்துருச்சுங்க்கா. மூணு வருசத்துல மத்தவங்களைப் பத்தி நானூறு பக்கம் எழுதியிருக்கீங்க. உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. அப்படி எழுதற தலைவருங்களை மூணாம் வருச முடிவுல அணியே வெளிய அனுப்பிருமாம். எல்லா ஊர்லயும் அப்படித்தானாம். அதான் உங்களுக்கு ஒண்ணு வைக்கல."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க எழுதறதை நிறுத்திருவீங்களேங்க்கா."

கோகிலவாணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கோவமாங்க்கா? சாப்டீங்களா?"

ஞாயிறுக்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சொல்லும் பதில் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். பேச்சைத் துண்டிக்க நினைத்தாள். விரல் நகரவில்லை.

"இல்ல," என்றாள். "மூணு நாளா சோறு இறங்கல. தூக்கமும் இல்ல."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது.

"சொல்லுங்க்கா," என்றாள் சிந்துஜா. "அப்புறம்?"