பூமாரி நகர்ந்து நின்றாள்

நேற்று வீடியோவின் நடுவில் நின்ற பூமாரி, இன்று கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்து நின்றாள்.

தங்கமாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தால் கண் பூத்துத்தான் போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஒரகடம் பக்கத்து வல்லம் வடகாலில் அந்தக் கம்பெனியின் மாடி அறையில் ஏசியின் ஈர வாடையும், கீழேயிருந்து படியேறி வரும் இயந்திர எண்ணெயின் வாடையும் கலந்து தொண்டையை அடைத்தன. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் விழும் ஒவ்வொரு அடிக்கும் மேசை லேசாக நடுங்கியது.

கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. அதன் இன்ஸ்டாகிராமும் லிங்க்ட்இன்னும் அவள் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, உற்பத்தி லைனில் நின்று, கோர்ஸ் படித்து மாடிக்கு ஏறியவள். ‘எங்கள் குடும்பம்’ என்று வாராவாரம் ஒரு தொழிலாளி சிரிக்கிற வீடியோ போட வேண்டும். அதற்காக வாராவாரம் லைனை நிறுத்த விடுவார்களா என்ன? ஒரே நாளில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி, வருஷத்துக்கு வேண்டியதை எடுத்துத் தேதி போட்டு அடுக்கிவிடுவார்கள். அப்படி அடுக்கியதில் பூமாரியும் இருந்தாள். அவள் வாரம் வருவதற்குள் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பிரஸ்ஸில் துப்பட்டா மாட்டி இழுத்துவிட்டது. பாதுகாப்புக் கூண்டை அவளே கழற்றினாள் என்று கம்பெனி அவள் அம்மாவிடம் சொன்னது. வீடியோவில் அவளுக்குப் பின்னால் அதே பிரஸ். கூண்டு இல்லை. வீடியோ எடுத்த அன்றைக்கே இல்லை.

மார்க்கெட்டிங் மேனேஜர் டெனிசன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

“நாளைக்கு ஃபாரின் கஸ்டமர் வர்றாங்க. வர்றதுக்கு முன்னாடி நம்ம பேஜைத்தான் பாப்பாங்க. அஞ்சலின்னு போடு, சோகத்துக்கு ரீச் பிச்சிக்கினு போவும். பின்னாடி மெஷின் தெரியுது பாரு, அத்த கட் பண்ணிட்டு ஒரிஜினல அழிச்சிடு.”

“சரி சார்” என்றாள். வேலை போனால் ஊரில் பீடி சுற்ற வேண்டியதுதான்.

மெஷின் தெரியாதபடி வலது பக்கத்தை வெட்டினாள். ஓடவிட்டாள். பூமாரி இடது ஓரத்துக்குப் போயிருந்தாள். காலியான நடுவில் பிரஸ் நின்றது. தப்பாக வெட்டிவிட்டோம் போல என்று மறுபடி, முகத்தை மட்டும் வைத்து நெருக்கி வெட்டினாள். காதுக்குப் பின்னால் பிரஸ். இன்னும் நெருக்கினாள். கன்னத்துக்குப் பின்னால் பிரஸ். அறையில் எண்ணெய் வாடை கூடியது. சூடாக. பக்கத்திலிருந்து.

மறுபடி ஓடவிட்டாள்.

பூமாரி சிரிக்கவில்லை. திரும்பி நின்று மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமாரிக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து ஒரு கோபம் கிளம்பி வந்தது. செத்தவளே மெனக்கெட்டு வந்து நிற்கிறாள், உயிரோடு இருக்கிற எனக்கு என்ன வந்தது?

“சரிட்டீ. காட்டணும்னுதானே நிக்க? காட்டுதேன்.”

வெட்டாத வீடியோவைப் பதிவிட்டாள். ‘கூண்டை இவள் கழற்றவில்லை. கூண்டே இல்லை’ என்று எழுதினாள். லிங்க்கை ஒரகடம் மார்க்கெட்டிங் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்தக் குழுவின் வழக்கம் அவளுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேர லைக்கில்தான் ரீச் இருக்கிறது என்று ஒருவர் போஸ்ட்டை மற்றவர்கள் உடனே பகிர்ந்துவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் பார்க்க மாட்டான். மளமளவென்று பகிர்ந்தார்கள். கம்பெனி கம்பெனியாக, அவரவர் பக்கத்தில்.

போன் அடித்தது. டெனிசன்.

“இன்னா பண்ணி வச்சிருக்க நீ? அழி அத்த.”

“அழிக்க மாட்டேன் சார்.”

“வேலைக்கு இனிமே வராத.”

“வரலை. வீடியோ இருக்கும்.”

போனை வைத்தாள். நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் திரையில் அடுத்த வாரத்து வீடியோ கண்ணில் பட்டது. யாரும் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது ஷாலின். பூமாரி நின்ற பிரஸ்ஸில் இப்போது, இந்த ஷிப்ட்டில் நிற்கிற பெண். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பினாள். மெஷின் பக்கமாக.

தங்கமாரி ஓடினாள். படி. எண்ணெய் வழுக்கல். இரைச்சல். சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தாள்.

பிரஸ் பாதியில் நின்றது. அதன் அடியில் ஷாலினின் வலது கை.

“எடுட்டீ.”

“வர மாட்டேங்குதுக்கா.”

கை எதிலும் மாட்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். மணிக்கட்டில் சதை பள்ளமாக அமுங்கியிருந்தது. நான்கு விரல் தடம். பார்க்கப் பார்க்க ஆழமானது.

தங்கமாரி ஷாலினின் தோளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். “பூமாரி, எல்லாரும் பாத்தாச்சு. இவள விடு.”

மணிக்கட்டில் விழுந்த பிடி தளரவில்லை.

பின்னால் டெனிசன் மூச்சிரைக்க வந்து நின்றான். “லைன் ஏன் நிக்குது? ஸ்டார்ட் பண்ணுங்கடா” என்றபடி அவனே பச்சை பட்டனுக்குக் கையை நீட்டினான்.

“சார், தொடாதிய. கை உள்ள இருக்கு.”

அவன் குனிந்து பார்த்தான். நீட்டிய கையைப் பின்னால் இழுத்தான். அது வரவில்லை. அவன் மணிக்கட்டிலும் நான்கு பள்ளம் விழுந்தது. கை பட்டனை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

தங்கமாரி ஷாலினைக் கட்டிய பிடியை விடவில்லை.