எல்லாரும் ஊத வேண்டிய வாசல்

"ஊதுங்க."

காதில் சரியாகத்தான் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோளில் கனமான பை, இடுப்பில் துணி மூட்டை, நெற்றியோடு ஒட்டிப்போன முடி... இந்தக் கோலத்தில் கேட்டுக்கு வெளியே நிற்கிற பெண்ணைப் பார்த்து, "நனையறீங்களே, உள்ள வாங்க" என்றல்லவா ஒரு மனுஷன் சொல்ல வேண்டும்? இவன் உள்ளங்கை அளவில் ஒரு கருவியை மூக்குக்கு நேரே நீட்டுகிறான். ஊத வேண்டுமாம்.

"நான் பாலிஷ் போட வந்திருக்கேன். உங்க மேடம்தான் வரச்சொன்னாங்க."

"மேடம் வந்தாலும் ஊதிட்டுத்தாங்க உள்ள வருவாங்க. இந்த வாசல்ல எல்லாரும் ஊதணும்."

குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து உழைக்கிற இல்லம் அது என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம் தச்சுப் பட்டறை. அங்கே உருவாகிற மேஜை நாற்காலிகளுக்கு மெருகேற்றத்தான் அவளை அழைத்திருந்தார்கள். தெரிந்துதான் வந்தாள். அதற்காக? ஒரு சொட்டு நாக்கில் வைத்தறியாத ஒருத்தியை நடுத்தெருவில் நிறுத்தி வாயை ஊதிக் காட்டு என்றால், யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

கருவியை வெடுக்கென்று பிடுங்கினாள். ஊதினாள்.

கீய்ங்... கீய்ங்... கீய்ங்...

சிவப்பு விளக்கு. மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன. சமையலறை ஜன்னலில் கரண்டியும் கையுமாக ஒரு தலை. எதிர்ப்பக்கம் ஆணி, பெயிண்ட் விற்கிற கடைக்காரர் கூடக் கழுத்தை நீட்டினார்.

"நான் குடிச்சிருக்கேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலீங்க... மெஷின் சொல்லுது."

"அப்ப மெஷினையே பாலிஷ் போடச் சொல்லுங்க. நான் போறேன்."

அவள் திரும்புவதற்குள் இல்லத்தின் மேடம் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவளுடைய கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பையில என்னம்மா வெச்சிருக்கே?"

"பாலிஷ்தான். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்தது."

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். குடியை விட்டவர்களின் வீட்டுக்கு ஒரு டின் நிறைய ஸ்பிரிட். காலையிலிருந்து அதில் ஊறிய கையால்தான் கருவியைப் பிடித்திருக்கிறாள். அது கத்தாமல் என்ன செய்யும்? "முன்னாடியே சொல்லாதது என் தப்பும்மா" என்று டின்னைத் தாமே வாங்கி எதிர்க்கடையில் வைக்கப் போனார் மேடம்.

அந்த டின் பையிலிருந்து வெளியே வந்த கணத்தில் அவன் ஓரடி பின்னால் நகர்ந்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கண்களையும் பார்த்தாள். பெரிய, ஈரமான, ஒளிக்கத் தெரியாத கண்கள்... அவற்றில் பயம் இருந்தது. ஒரு தகர டின்னைப் பார்த்து ஆறடி ஆள் பயப்படுவதை அவள் அதுவரை கண்டதில்லை.

எதிர்க்கடைக் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து மறுபடி ஊதினாள். சைபர். பச்சை விளக்கு. "வாங்க" என்று கேட்டைத் திறந்தான். ஒரு மன்னிப்பு? ஒரு "தப்பா நினைச்சுக்காதீங்க"? ஊஹூம். வாயில் என்ன கொழுக்கட்டையா?

உள்ளே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவ்வளவு நேரமும் கேட்டுக் கம்பிக்கு மேலாக அவன் ஒரு குடையை அவள் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன்தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

குடை பிடித்துக்கொண்டே அவமானப்படுத்தினால் அது மரியாதையாகிவிடுமா என்ன? அவள் கோபம் ஒரு நூல் கூடக் குறையவில்லை. குறைந்ததாக அவள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிரிட் கூடாதென்றால் எண்ணெயும் தேன்மெழுகும்தான் வழி. துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து... ஒரு வாரத்தில் முடிகிற வேலை மாதக்கணக்கில் இழுத்தது. நூலகம் ஒன்றுக்காகச் செய்த நீள மேஜை அவள் கைக்கு வந்தபோது அசந்து போனாள். எங்கே பலகைகள் சேர்கின்றன என்று விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை. செய்தது யாரென்று கேட்டாள். எல்லோரும் கை காட்டினார்கள். அவனேதான். மரத்தூளை முகர்ந்தே என்ன மரமென்று சொல்லிவிடுவானாம். அதனால் இல்லத்தில் அவனுக்கு 'மூக்கன்' என்று பெயர்.

"என்ன மூக்கு சார், இன்னிக்கு யாரை நடுத்தெருவுல நிறுத்தினீங்க?"

"இன்னிக்கு வாசல் முறை என்னுது இல்லீங்க. சமையல்காரர்தான் நிறுத்தறார்."

"அவர் ஊதச் சொன்னா எனக்குக் கோபமே வரலை. நீங்க சொன்னாத்தான் வருது."

"அவர்கிட்ட குடை இல்ல பாருங்க... அதான்."

சிரிப்பை மறைக்க மேஜைக்கடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தாள். தேட அங்கே ஒன்றுமே இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் எதிர்க்கடைக்குப் போய் ஆணி வாங்கி வந்தவன், வாசலில் ஆளே இல்லாதபோதும் நின்று கருவியை எடுத்து ஊதிவிட்டு வந்தான். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"யாருமே பாக்கலையே... சும்மா வந்துருக்கலாமே?"

"நான் பாக்கறேனே."

அவள் கையிலிருந்த துணி நின்றது. அன்று அவனாகவே சொன்னான். தங்கையின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்து கிடந்தானாம். தங்கை அலங்காரத்தோடு வந்து அவனைத் தூக்கினாளாம்.

"ச்சீ... அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?" பார்த்தறியாத அந்தத் தங்கைக்காக அவளுக்கு நெஞ்சு கொதித்தது. "உங்களை மன்னிச்சுட்டாளா?"

"இன்னும் இல்லீங்க. மன்னிக்கணும்னு கட்டாயமா என்ன?"

ஒரு சமாதானம் சொல்வான், சகவாசத்தைக் குறை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவனோ மேஜைக் கால் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் மேல் கோபப்படவும் முடியாமல், படாமலிருக்கவும் முடியாமல்... ஐயோ, எனக்கென்ன ஆயிற்று என்று வீடு போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். ஆனது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

வீடு என்றால் அண்ணன் வீடு. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே கூரை. அண்ணன் கம்பெனியில் பெரிய பதவி. சாயங்காலமானால் நண்பர்களோடு "கொஞ்சமா" குடித்துவிட்டு வருவார். கார் சத்தம் கேட்டதும் அண்ணி டி.வி. சத்தத்தைக் குறைப்பாள்; குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிக் கண்ணாலேயே விரட்டுவாள். அது வீட்டின் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை.

அண்ணன் ஒரு வரனோடு வந்தார். வேறு வழியில்லாமல் அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குண்ணா."

யாரென்று கேட்டார். சொன்னாள். அண்ணன் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை டீப்பாயில் ணங்கென்று வைத்தார். "குடிகாரனையா?"

"குடியை விட்டவர்ண்ணா."

"குடிகாரன் என்னிக்கும் குடிகாரன்தான் பாப்பா. என்னை மாதிரி கௌரவமா குடிக்கறவனா அவன்? நாளைக்கு உன்னை அடிப்பான், உதைப்பான். அப்ப அழுதுகிட்டு என்கிட்டதான் வந்து நிப்பே." சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அண்ணி ரிமோட்டைத் தேடினாள். தங்கைக்கோ அண்ணனின் டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. வளர்த்த அண்ணன். எதிர்த்துப் பேசினால் இந்தக் கூரை இல்லை. தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் அவளுக்கு வாசல் முறை. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. வெளியிலிருந்து வருகிறவள் என்று அவளுக்கு மட்டும் விலக்கில்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மழை பிடித்துக்கொண்டது. அண்ணனின் கார் வந்து நின்றது.

"அவனை வெளிய கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கார் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தவன், அவள் முகத்தைக் கண்டு தானே வந்தான். கேட்டைத் தாண்டி வெளியே போய் நின்றான். கையில் அதே குடை.

"நீதானா? என் தங்கச்சி கட்டினா உன்னைத்தான் கட்டுவேன்னு நிக்கறா. தெரியுமா உனக்கு?"

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. அவனிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை. முதன்முதலாக அது காதில் விழ வேண்டிய விதமா இது? அவன் அவளைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்து போயிற்று.

"தெரியாது சார்."

அண்ணன் அவள் கையிலிருந்த கருவியைக் காட்டினார். "ஊதுடா. பாப்போம்."

மாடி ஜன்னலில் தலைகள். அவன் மறுபேச்சுப் பேசாமல் அவளிடம் கையை நீட்டினான். கருவியைக் கொடுத்தாள். ஊதினான். சைபர்.

"இன்னிக்குச் சரி. நாளைக்கு?"

"நாளைக்கும் ஊதறேன் சார்."

"என்னிக்காவது விழ மாட்டேன்னு சத்தியம் பண்ணுவியா?"

"மாட்டேன் சார். அன்னன்னிக்கு விழாம இருக்கேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." குரல் தாழ்ந்தது. "நீங்க பயப்படறது நியாயந்தான்."

"கேட்டுக்கிட்டியா பாப்பா? அவனே சொல்றான். தள்ளு, உங்க மேடத்தைப் பாத்து இவனை இங்கேருந்து துரத்தச் சொல்லிட்டு வர்றேன்."

நியாயமா? அவளுக்குள் அத்தனை நாளாக விழுங்கியதெல்லாம் மேலே வந்தது. தினமும் ஊதுகிறவன் தலை குனிந்து நிற்கிறான். அவனை ஊதச் சொன்னவர் நிமிர்ந்து நிற்கிறார். அண்ணிக்குத் தெரியும், குழந்தைகளுக்குத் தெரியும், அந்த டி.வி. ரிமோட்டுக்குக் கூடத் தெரியும்... இந்த மனுஷருக்கு மட்டும் தெரியாது.

கேட்டின் குறுக்கே கையை வைத்தாள்.

"ஊதுண்ணா."

"என்னது?"

"இந்த வாசல்ல எல்லாரும் ஊதணும். நானும் இதே இடத்துல நின்னு ஊதினேன்."

"யாருகிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"எங்க அண்ணன்கிட்ட பேசறேன். ஊதிட்டு உள்ள போ."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். மேலே தலைகள், எதிரே கடைக்காரர். பின்வாங்கினால் கௌரவம் போய்விடும். கருவியை வாங்கி அலட்சியமாக ஊதினார்.

கீய்ங்... கீய்ங்... கீய்ங்...

சிவப்பு விளக்கு. எதிர்க்கடைக்காரர் கழுத்தை நீட்டினார்.

"மதியம் ஒரு பார்ட்டி... ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தார் அண்ணன். "மெஷின் சரியில்ல."

"கையைக் கழுவிட்டு வந்து வேணா ஊதிப் பாருண்ணா. எனக்குச் சரியா போச்சு."

அவர் கை கழுவப் போகவில்லை. அவளால் நிறுத்த முடியவில்லை. "குடிச்சிட்டுக் காரை ஓட்டிக்கிட்டு வந்து, குடிக்காதவரை நடுரோட்டுல நிக்க வெச்சு ஊதச் சொல்றியே... உனக்குக் கூசலையாண்ணா? அண்ணி உன் கார் சத்தம் கேட்டா என்ன பண்றாங்கன்னு ஒருநாளாவது பாத்திருக்கியா?"

அண்ணன் முகம் கறுத்தது. "இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாதே" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார்.

அவன் குறுக்கே போய் நின்றான். "சார்... சாவியைக் குடுத்துடுங்க. நனைஞ்ச ரோடு. டாக்சி கூப்பிடறேன்." குரலில் குத்தல் இல்லை. அதனால்தானோ என்னவோ, அண்ணன் சாவியை அவன் கையில் போட்டார். டாக்சி வந்தது. போகும்போது தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு போய்விட்டது, இன்னும் ஒரு கோபம் மட்டும் மிச்சமிருந்தது, அது அவன் மேல்.

"அவர் வாடா போடான்னு பேசறார்... நீங்க நியாயந்தான்னு சொல்லிக்கிட்டு நிக்கறீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?"

"வரும். ஆனா அப்ப வேற ஒண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னத்தை?"

"உங்களை." மழை குடைமேல் தடதடத்தது. அவன் மெல்லச் சொன்னான். "என் மேல கோபப்பட்டவங்க ரொம்பப் பேருங்க. அம்மா, தங்கச்சி, ஊர், உறவு... எல்லாமே நியாயமான கோபம். எனக்காக ஒருத்தர் கோபப்பட்டு நான் பாத்ததே இல்ல."

அவளுக்கு அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

"உங்க அண்ணன் சொன்னாரே... அது நிஜங்களா?"

"எது?"

"கட்டினா..." என்று குடைக் காம்பைத் திருகினான்.

"நிஜம்தான். உங்களுக்குச் சம்மதமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னிக்கு எனக்கு இருக்கிற கோபத்துல அதையும் தாங்கிக்குவேன்."

"எனக்கு அந்த முதல் நாள் மழையிலேருந்தே சம்மதங்க. கேக்கத்தான் தைரியம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "கல்யாணம் ஆனாலும் தினமும் சாயங்காலம் நம்ம வாசல்ல நின்னு ஊதிட்டுத்தான் உள்ள வருவேன். மெஷின் உங்க கையிலேயே இருக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுல மெஷின் வேணாம். பக்கத்துல வந்து, 'வந்துட்டேன்'னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தான். அவள் கை குறுக்கே வந்தது.

"எங்க போறீங்க? இது நம்ம வீடு இல்ல. வெளிய போயிட்டு வந்திருக்கீங்க... ஊதுங்க."

அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். இந்த முறை குடையை அவள்தான் பிடித்திருந்தாள்.