கை நீட்டிய ஜோவெட்

ஸ்டீபனின் வலது கை மட்டும் மூடியே இருந்தது.

பிணவறை ஊழியர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

'டக்!'

ஏதோ ஒன்று ஸ்ட்ரெச்சரில் விழுந்தது. ஒரு சாண் நீளம். ஆரஞ்சு நிறம். அடியில் ஒடிந்துபோன இரும்புத் தண்டு.

"இன்னா சார் இது?" என்றாள் விக்டோரியா. ஸ்டீபனின் மனைவி. அழுது அழுது குரலே போயிருந்தது.

எஸ்.ஐ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏதோ வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. ரோட்டுல கெடந்திருக்கும். நீயே வெச்சுக்கோம்மா."

வைத்துக்கொண்டாள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்க ரோடு. மார்கழிப் பனி. காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போன ஸ்டீபனை ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்துவிட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. எஸ்.ஐ. கொட்டாவி விட்டுக்கொண்டே எஃப்.ஐ.ஆர். எழுதினார்.

டாக்டர்தான் தனியாகக் கூப்பிட்டு அந்த விஷயத்தைச் சொன்னார்.

"உடனே போகலம்மா. ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்கார். இடிச்சவனே தூக்கிக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பார்..."

விக்டோரியாவின் கண்முன்னே அந்தக் காட்சி விரிந்தது.

ஸ்டீபன் தட்டுத் தடுமாறி எழுந்திருக்கிறான். வண்டியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். அவன் கெஞ்சக் கெஞ்ச வண்டியைக் கிளப்பியிருக்கிறான் ஒரு படுபாவி. பிடித்த பிடியில் ஒடிந்ததுதான் இந்த ஆரஞ்சுத் துண்டு!

"நீ யாருன்னு எனக்குத் தெரியாதுடா... ஆனா உன்ன வுடமாட்டேன்!"

கல்லறையில் மண் போட்டபோது அவள் வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

* * *

செவ்வாப்பேட்டையில் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தான் அவளுடைய அண்ணன் தேசப்பன். நசுங்கிய காரைத் தட்டித் தட்டி நிமிர்த்துவது தொழில். ஆரஞ்சுத் துண்டைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டான்.

"ஏய்... இது கைகாட்டி!"

"அப்டீன்னா?"

"அந்தக் காலத்துக் காருக்கு மினுக்கு லைட் ஏது? திரும்பணும்னா சுச்ச தட்டுவாங்க. கதவுக்குப் பக்கத்துத் தூண்லேர்ந்து இது கை மாதிரி வெளிய நீட்டிக்கும்!"

"எந்தக் காருண்ணா?"

"அத்த கண்டுபுடிக்கறதுக்குன்னே ஒரு கும்பல் கீது. வா, கடம்பத்தூர் போலாம்."

கடம்பத்தூர் பூவராகவன். நெல் விளைகிற நிலம் ஏராளம். மாட்டுக் கொட்டகையில் மாடு கிடையாது. பழைய கார்கள்தான் வரிசையாகக் கட்டிக் கிடந்தன! 'வண்டி தெரியுமா?' என்று ஒரு வாட்ஸப் குரூப் நடத்திக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் ஒரு அபூர்வக் காரின் விளக்கு ஓரத்தையோ கைப்பிடியையோ மட்டும் படமெடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் அது எந்தக் கார் என்று சொல்ல வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் அசைக்க முடியாத சாம்பியன், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில் வைத்திருக்கும் சந்திரமோகன்! படம் விழுந்து நீங்கள் தும்மி முடிப்பதற்குள் அவருடைய பதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"ஆறு வருஷமா அவன்தாம்மா ஃபர்ஸ்ட். நான் செகண்டு," என்று பல்லைக் கடித்தார் பூவராகவன்.

கைகாட்டியைப் படமெடுத்து குரூப்பில் போட்டார்.

ஒரு பதிலும் இல்லை. சாம்பியனும் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சந்திரமோகனின் பதில் வந்தது...

'மோரிஸ் மைனர். சாதா ஐட்டம். அடுத்தது போடுங்க.'

பூவராகவனின் முகம் மாறியது.

"தப்பும்மா!"

"இன்னா சார் தப்பு?"

"தோ, என் கொட்டாயிலயே மோரிஸ் மைனர் நிக்குது. இந்தக் கை அதுல உக்காராது. அது அவனுக்கு நல்லாவே தெரியும். அவன் தப்பா சொல்லி நான் பார்த்ததே இல்ல!"

"வேணும்னே மாத்தி சொல்றானா..." தேசப்பன் இழுத்தான்.

பூவராகவன் பதறிக்கொண்டே குரூப்பின் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். நின்றார்.

கார்த்திகை மாதம் சந்திரமோகன் போட்ட புதிர் அது. வரிசையாகப் படங்கள். மட்கார்டு, கதவுக் கைப்பிடி, தூண், மூன்று ரிவெட் ஆணி அடித்து ஒட்டுப் போட்ட ஒரு மூலை. யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவரே கெத்தாக விடையைச் சொல்லியிருந்தார். 'ஜோவெட் ஜாவலின். ஆண்டு விழாவுல நேர்லயே காட்டறேன்!'

மார்கழிக்கு அப்புறம் கேட்டவர்களிடம் கையை விரித்துவிட்டார். விற்கிறவன் படத்தை மட்டும் அனுப்பி ஏமாற்றிவிட்டானாம். வண்டி கைக்கே வரவில்லையாம்.

பூவராகவன் தூண் படத்தைப் பெரிதாக்கினார். உள்ளே மடங்கிக் கிடந்தது ஒரு கைகாட்டி. அதன் நுனியில் ஒரு சின்ன விரிசல்.

விக்டோரியா தன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

அதே நுனி. அதே விரிசல்!

* * *

"படம் பத்தாதும்மா," என்றார் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் நர்மதா. "வண்டியே வரலன்னு சாதிப்பான். மில்லுல உலை இருக்கு. உள்ள போட்டு உருக்கியிருந்தா நான் என்னத்தக் காட்டி அரெஸ்ட் பண்றது?"

"உலையப் பாத்துக்கறவரு யாருங்க மேடம்?"

"அந்தோணின்னு ஒருத்தன். ரெண்டு தடவ விசாரிச்சாச்சு. மொதலாளின்னா அவனுக்கு உசுரு. புள்ள மேல சத்தியம் பண்ணி ஒண்ணுமே தெரியாதுன்னுட்டான்."

"வண்டி இருந்தா?"

"இருந்தா சந்திரமோகன் காலி!"

விக்டோரியா எழுந்துகொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நானும் நாலடி தள்ளியே நின்றிருப்போம்.

மாசி போயிற்று. பங்குனி, சித்திரை போயிற்று. ஆடியில் ஒரு நாள் நர்மதாவின் போன் அடித்தது.

"மேடம், நான் விக்டோரியா. ஞாயித்துக்கெழமை நீங்க எங்க இருக்கணும்னு சொல்லட்டா?"

"வண்டி கெடச்சிடுச்சா?!"

"நீங்க மொதல்ல நான் சொல்றத்த கேளுங்க..."

* * *

ஞாயிற்றுக்கிழமை. கடம்பத்தூர். 'வண்டி தெரியுமா?' ஆண்டு விழா.

களத்து மேட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றது ஒரு உருவம். தார்ப்பாயின் இடது பக்கத்தில் நீளமாக ஒரு கிழிசல். கண்ணைக் கட்டிக்கொண்டு, கிழிசலுக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்தே காரின் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் இறுதிச் சுற்று!

"சாம்பியன் வாங்க!" பூவராகவன் மைக்கில் கூவினார்.

கைத்தட்டல். சந்திரமோகன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். கறுப்புத் துணியோடு காத்திருந்தாள் விக்டோரியா. கண்ணைக் கட்டப்போகிறவள் யாரென்றே அவருக்குத் தெரியாது. தான் கொன்றவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்தால்தானே!

"நல்லா இறுக்கிக் கட்டும்மா. பின்னால எவனும் குறை சொல்லக் கூடாது."

"இறுக்கித்தான் சார் கட்டிக்கினு கீறேன்."

அவருடைய கழுத்துக்கு மிக அருகில் அவளுடைய விரல்கள். அப்படியே இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால்... ம்ஹூம். அது ரொம்பச் சுலபமான சாவு. பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள்.

சந்திரமோகனின் கை உள்ளே போனது. மட்கார்டைத் தடவியது. சிரித்தார்.

"இங்கிலீஷ் வண்டி..."

கை மூலைக்குப் போனது. ஒரு ரிவெட். இரண்டு. மூன்று...

சிரிப்பு நின்றது!

நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. கை கதவுக்குப் போனது. கைப்பிடி. அங்கிருந்து தூணுக்கு ஏறியது.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்த ஒரு கயிற்றின் நுனியை விக்டோரியா சுண்டினாள்.

'டக்!'

தூணிலிருந்து கைகாட்டி நீண்டு அவருடைய உள்ளங்கையில் வந்து படுத்தது.

"ஐயோ!"

"இன்னா சார்... ஷாக் அடிச்சிடுச்சா?"

"ஒண்ணுமில்ல... மோ... மோரிஸ் மைனர்!"

"தப்பு!" ஆறு வருஷத்து வயிற்றெரிச்சலையெல்லாம் சேர்த்துக் கத்தினார் பூவராகவன். "சாம்பியன் அவுட்!"

சந்திரமோகன் கண் கட்டைப் பிய்த்து எறிந்தார். பம்ப் செட் ரூமை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். போனை எடுத்தார். அறைச் சுவரின் இந்தப் பக்கம் விக்டோரியா!

"டேய் அந்தோணி! திருட்டு நாயே! அந்த வண்டிய எவனுக்குடா வித்த?"

உலைச் சத்தத்திலேயே காலம் தள்ளுகிறவன் அந்தோணி. கத்தித்தான் பேசுவான். போனுக்கு வெளியே கணீரென்று கேட்டது.

"எந்த வண்டி சார்?"

"நடிக்காதடா! ஜோவெட்டு! இப்பதான்டா தொட்டுட்டு வரேன்! டப்புக்கு ஆசப்பட்டு என் கழுத்தையே அறுத்துட்டியேடா, பொறுக்கி!"

"யாரப் பாத்து திருடன்ற?" அந்தோணியின் மரியாதை காற்றில் பறந்தது. "துண்டு துண்டா வெட்டி உலைல போடச் சொல்ல நீதான பக்கத்துல நின்ன? 'முன்பக்கம் ரத்தம் கீது, அத்த மொதல்ல போடு'ன்னு நீதான சொன்ன? உனுக்கோசரம் என் புள்ள மேல பொய் சத்தியம் பண்ணேன்யா! எனக்குத் திருட்டுப் பட்டமா?"

அடுத்து வந்தது பெண் குரல்.

"போதும் அந்தோணி, போனைக் குடு. மிஸ்டர் சந்திரமோகன், இன்ஸ்பெக்டர் நர்மதா. உங்க மில்லுலதான் உக்காந்திருக்கேன். போன் அடிச்சதுமே நான்தான் ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன், பிரமாதமாக் கேட்டுச்சு. ரெக்கார்டும் ஆயிடுச்சு. அங்க ஜீப் வருது. எங்கயும் நகராதீங்க!"

போன் கையிலிருந்து நழுவியது.

"உருக்கிட்டான்னா... அப்ப தார்ப்பாய்க்குள்ள இருக்கறது?" என்று தனக்குத்தானே உளறினார்.

"வா, காட்டறேன்!"

விக்டோரியா அவருடைய சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள். தார்ப்பாயை உருவினாள்.

கூட்டமே வாயைப் பிளந்தது!

இடது பக்கம் மட்டும் கார். ஒரு மட்கார்டு, ஒரு கதவு, ஒரு தூண். வலது பக்கம் டிராக்டர் டிரெய்லர், மூங்கில், நாலைந்து வைக்கோல் கட்டு!

"எங்கண்ணன் மாசக்கணக்கா தட்டுன தகரம் இது," என்றாள்.

"அந்த மூணு ரிவெட்டு... அது எப்படி..."

"நீதான போட்டோ போட்ட? எவனாலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு மட்கார்டு, கைப்பிடி, தூணுன்னு ஒவ்வொண்ணா போட்டியே... பாத்துப் பாத்து அடிச்சோம்." கைகாட்டியைத் தொட்டுக் காட்டினாள். "இது மட்டும்தான் ஒரிஜினல். எம் புருஷன் கையில இருந்துது."

சந்திரமோகன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"தூக்கிக்கினு போங்கன்னு கெஞ்சினாரா?"

சந்திரமோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்கறேன் இல்ல... கெஞ்சினாரா?!"

"கெஞ்சினான்... சீட்டு அப்பதான் புதுசா லெதர் தெச்சிருந்தேன்... ஒரே ரத்தமா இருந்துச்சு..."

பளார்!

கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும் அந்த அறை. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. முந்தானையால் ஒரே துடையாகத் துடைத்தாள்.

தூரத்தில், வயல் வரப்புகளுக்கு அப்பால் சைரன் அலறியது. நெருங்கிக்கொண்டே வந்தது.

விக்டோரியா கீழே கிடந்த கறுப்புத் துணியை எடுத்தாள். சந்திரமோகனின் கண்ணில் வைத்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். குனிந்து அவருடைய காதில் சொன்னாள்.

"கடைசி சான்ஸ் சார். சத்தத்த வெச்சே சொல்லுங்க பாப்போம்... வர்றது இன்னா வண்டி?"