வெனிஸ் போகும் பெட்டிக்குச் சக்கரம் இல்லை

காலை 7.10. ராஜமேரி போட்ட அலறலில், பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் வாயிலிருந்த பல்பொடியைக்கூடத் துப்பாமல் ஓடி வந்தாள். போலீஸ் ஏட்டாக இருந்து அவள் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது; தெருவுக்கு இன்னும் ஏட்டம்மாதான். இத்தனை நாளில் கடத்தூரில் அந்தத் தெருவில் ஒரு கோழிகூடத் திருடு போகவில்லையே என்ற மனக்குறை அவளுக்கு உண்டு.

கூடத்தில் நீல நிறப் பெட்டி கிடந்தது. அடியில் நான்கு சக்கரங்களையும் காணோம்.

"பதினோரு மணிக்கு மொரப்பூர்ல ரயிலுங்க ஏட்டம்மா! அப்புறம் மெட்ராஸ்ல பிளேன். இதை எப்படிங்க வெனிஸ் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போவேன்?"

ராஜமேரியின் மகள் அனிஷாவுக்கு வெனிஸில் இன்னும் பத்து நாளில் பிரசவம். வழி சொல்லி அவள் அனுப்பிய குரல் செய்தியை ராஜமேரி போட்டுப் போட்டுக் கேட்டதில் தெருவுக்கே அது மனப்பாடம்: "ஏர்போர்ட்ல பஸ் ஏறும்மா. கடைசி ஸ்டாண்டுல எறக்கி வுட்டுருவாங்க. அதுக்கு மேல வண்டியே கெடையாது, எல்லாம் வாய்க்கால்தான். நடந்தே வந்தரலாம். கொஞ்சம் பாலம் ஏறி எறங்கணும்."

"எல்லாம் அவரு வேலைங்க," என்று அழுதாள் ராஜமேரி. "பொட்டிய நொண்டியாக்கிட்டா நான் போவமாட்டேன்னு நெனைச்சுட்டாரு."

அவர் என்றால் கணவர் கஸ்பார். கேட்காமல் கொள்ளாமல் ஓர் இத்தாலிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடமாக மகளோடு பேச்சில்லை. அந்த ஊர்ப் பெயரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கண்ணம்மாளுக்கு ராஜமேரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

7.25. கண்ணம்மாள் பெட்டியைத் திறந்தாள். சக்கரத்தின் திருகாணிகளை உள்பக்கமிருந்துதான் கழற்ற முடியும். துணிகளை வெளியே எடுத்தால்தான் கைக்கு எட்டும். ஆனால் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஓட்டைகளில் சைக்கிள் ட்யூப் துண்டுகளை அளவாக வெட்டி அடைத்திருந்தது. கேழ்வரகு மாவு பாக்கெட்டுக்குக் கீழே, வட்டமாகச் சுருட்டி நூலால் கட்டிய பழைய துண்டு ஒன்று.

"மாவு ஒடையக்கூடாதுன்னு சுபா வெச்சிருப்பா," என்றாள் ராஜமேரி.

7.40. விசாரணை. முதலில் கஸ்பாரின் தங்கை சுபா.

"இத்தாலி போவ ஆசையா?"

"ஆசதான். சக்கரத்த மட்டும் எடுத்துக்கிட்டு நான் எங்கீங்க போறது? அந்தத் துண்டும் நான் வெக்கல."

எதிர்வீட்டுப் பச்சியப்பன், நேற்றுத்தான் தண்ணீர் கேன் தள்ளப் புது வண்டி செய்தவன்.

"அளந்து பாருங்க ஏட்டம்மா! என் சக்கரம் சாணு அகலம்."

அளந்தாள். சாண் அகலம்தான்.

கடைசியாகக் கஸ்பார். முப்பது வருடம் சந்தையில் தக்காளிக் கூடை சுமந்த கழுத்து, திரும்பாமலே பதில் சொன்னது.

"ஆறு பாலம் ஏறி எறங்கற ஊருக்குச் சக்கரம் என்னத்துக்கு? போயி வேலையப் பாரு ஏட்டம்மா."

8.15. கண்ணம்மாள் அனிஷாவுக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே இன்னும் விடியவில்லை. வயிற்றுப் பிள்ளை உதைக்கிற உதையில் அவளுக்குத் தூக்கமும் இல்லை.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து உங்க வூட்டுக்கு எத்தனை பாலம் கண்ணு?"

அனிஷா விரல் விட்டு எண்ணினாள். "ஆறுங்க அத்தை. நானே இப்பத்தான் எண்றேன்."

8.30. எல்லோரும் கூடத்தில். அழைப்பைத் துண்டிக்காமல் போனை ராஜமேரி கையில் கொடுத்தாள் கண்ணம்மாள்.

"போவக்கூடாதுன்னு நெனைக்கறவங்க பொட்டிய ஒடைப்பாங்க. இங்க மழத்தண்ணி பூரக்கூடாதுன்னு ஓட்டைய அடைச்சு, துணிய மறுபடி மடிச்சு வெச்சிருக்கு. இது பத்திரமாப் போயிச் சேரணும்னு நெனைக்கறவங்க வேலை."

அந்தத் துண்டு வளையத்தைத் தன் தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கி மேலே நிறுத்தினாள். ஆடாமல் அசையாமல் நின்றது.

"சும்மாடு! சக்கரம் இருந்தா பொட்டி தலையில ஒக்காராது. படிக்கட்டு ஊருக்குத் தலைச்சுமைதான் சரின்னு தோணறது மூட்டை தூக்குனவருக்குத்தான். அனிஷா 'கொஞ்சம் பாலம்'னுதான் சொன்னா. அவளே எண்ணாதத எண்ணி வெச்சிருக்கறது யாரு? கஸ்பாரண்ணா, உங்க போனக் குடுங்க."

கொடுத்தார். திரையில் வெனிஸ் வரைபடம், மகள் வீட்டுச் சந்து. பேச்சில்லாத இரண்டு வருடமும் மனிதர் அந்த ஊரில் விரலால் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்.

ராஜமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வாயத் தொறந்து சொன்னா என்னங்க? இத்தாலிக்காரங்க முன்னாடி நான் பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டுப் போவணுமா?"

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து நான்கு சக்கரங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு ராஜமேரி கையிலிருந்த போனை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"நாலாவது பாலத்துல படி உசரம் ஜாஸ்தி. உங்கம்மாவால ஆவாது. மாப்பிள்ளைய பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லு." சற்று யோசித்தார். "சும்மாடு அனுப்பறேன். மாப்பிள்ளைக்குத் தலையில வெச்சுப் பழக்கமான்னு கேளு."

அந்தப் பக்கம் அனிஷா அழுகிற சத்தம் கேட்டது.

8.50. வழக்கு முடிந்தது. சக்கரங்களைத் திரும்பப் பூட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.