கறுப்புப் பையும் கட்டம் போட்ட லுங்கியும்

தாராவியில் ஷாகுல் ஹமீது மாமாவின் தோல்பைப் பட்டறை. ஸ்டூலின் மேல் ஒரு கறுப்புப் பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிரே கேமராவும் கையுமாக வியர்த்துக்கொண்டு நின்றான் சைஃப்.

செம்பூர்க் கடைக்காரர் ஒருவர், பன்னிரண்டு கறுப்புப் பைகளின் படங்களையும் பகல் பன்னிரண்டு மணிக்குள் கேட்டிருந்தார். படம் பிடித்திருந்தால் பெரிய ஆர்டர் தருவார். சைஃப் போன வாரம்தான் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தான். இதுதான் அவனுக்கு முதல் வேலை. அவன் தங்கை பரீஹாவும் கூடவே வந்திருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு.

சைஃப் பட்டனை அழுத்தினான். க்ளிக்!

“எப்படில வந்திருக்கு?” என்றார் மாமா.

“பை புகை மூட்டமா இருக்கு மாமா. பின்னால காலண்டர் மட்டும் ஏக்தம் பளிச்!”

“நான் காலண்டரா விக்கேன்?”

காலண்டரைக் கழற்றினார்கள். இப்போது நிலைமை இன்னும் மோசம். படமே விழவில்லை. லென்ஸ் ஃபோகஸ் கிடைக்காமல் ‘ஸ்ர்ர்... ஸ்ர்ர்...’ என்று முன்னும் பின்னும் அலைந்தது.

சைஃப் லென்ஸைத் துடைத்தான். அதன் பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்ச் ‘ஆட்டோ’வில்தான் இருந்தது. ‘ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறோமோ?’ என்று இரண்டடி பின்னால் போனான். தோல் மூட்டையில் இடித்து அதன் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தான். எழுந்து வேறு லென்ஸை மாட்டினான். அதுவும் ‘ஸ்ர்ர்’ என்றது.

“ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு மக்கர் பண்ணுது!” என்றான்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் முக்கால் மணி நேரம்தான்ல இருக்கு. வேற ஆளைக் கூப்பிடட்டுமா?”

சைஃபின் முகம் சுருங்கிப்போனது. பரீஹாவுக்குப் பாவமாக இருந்தது.

சைஃப் மறுபடி பட்டனைப் பாதி அழுத்திப் பார்த்தபோது, மாமா தண்ணீர் குடிக்கப் பைக்கு முன்னால் நடந்து போனார். பீப்! சட்டென்று கேமரா அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டது. திரையில் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

“அண்ணே! கேமரா நல்லாத்தான் இருக்கு” என்றாள் பரீஹா. “பைதான் ஒரே கறுப்பு. கோடு இல்ல, புள்ளி இல்ல. கேமரா எதைப் பார்த்துப் பிடிக்கும்? மாமா லுங்கியில கட்டம் இருக்குல்லா!”

“அதுக்கு லுங்கியைப் பையில ஒட்டவா முடியும்?”

“பட்டனைப் பாதி அழுத்திட்டு இருந்தா, ஃபோகஸ் பிடிச்ச இடத்துலயே நிக்கும்னு நீதானே சொன்னே? மாமா பையை ஒட்டி முன்னால நிக்கட்டும். பீப்னு கேட்டதும் விலகட்டும். அப்புறம் முழுசா அழுத்து.”

மாமா தயங்கித் தயங்கி வந்து நின்றார். பீப்!

“ஓடுங்க மாமா!”

மாமா குதித்தார். க்ளிக்! தோலில் இருந்த மெல்லிய வரிகள்கூட அழகாக விழுந்திருந்தன. ஓரத்தில் ஒரு கால் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

“கட்டைவிரலும் விலைக்கா மாமா?” என்று சிரித்தாள் பரீஹா.

அடுத்த முறை மாமா இன்னும் தள்ளிக் குதித்தார். ஐந்தாவது பை வருவதற்குள் பட்டறையில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. வேலை செய்த நாகராஜ் குறும்பாக “பீப்!” என்று கத்தினான். கேமரா சும்மா இருக்கும்போதே மாமா குதித்தார்.

பதினோரு பை முடிந்தது. மாமா மூச்சு வாங்க உட்கார்ந்தார். அப்போது பரீஹாவின் கண் கொடியில் காய்ந்த இன்னொரு லுங்கி மேல் விழுந்தது. அதிலும் கட்டம்!

“மாமா... அந்த லுங்கியை மடிச்சுப் பைக்கு முன்னால பிடிச்சிருந்தாலே போதும்லா?”

மாமா கொடியையும் பரீஹாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதை முதல்லயே சொல்றதுக்கென்னட்டி?”

“இப்பத்தான் மாமா தோணுச்சு!” பரீஹா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். எழுந்து போய் ஸ்டூலுக்கு முன்னால் நின்றார்.

“இருக்கட்டும். கடைசிப் பைக்கும் நானே குதிக்கேன். கேமராவைப் பிடில!”

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படங்கள் செம்பூருக்குப் போயின. மாமாவுக்கு மூச்சு வாங்குவது நிற்பதற்குள் ஆர்டர் வந்துவிட்டது.